வெடியால ஆறு மணிச் செய்தி: வீட்டு ஆளுக்கேற்ற தமிழ்ச் செய்தி வாசிப்பான் செய்யும் முறை

எங்கள் வீட்டில் வெடியால ஆறு மணிக்கு மூன்று போனில் மூன்று குரல் செய்தி வந்து விழும். மாமாவுக்கு மஞ்சள் விலையும் வாய்க்கால் தண்ணீரும். அத்தைக்குப் பவுன் விலை, கோயில் நோம்பி, கொஞ்சம் சர்க்கரை. வீட்டுக்காரருக்கு நூல் விலையும் மின்தடையும். சென்னிமலைப் பக்கம் தறிக்குடோன் வைத்து பெட்ஷீட் ஓட்டுகிறவருக்குக் கரண்ட் எந்த நாள் இருக்காது என்பதுதான் தலைப்புச் செய்தி. எதுவும் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாது. இவ்வளவையும் செய்வது கடை மூலையில் கிடக்கும் ஒரு பழைய லேப்டாப்.

நான் இன்ஜினியர் இல்லை. பெருந்துறையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பத்திர நகல் என்று இருபது வருஷமாகத் தமிழைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது யூடியூபைப் பார்த்துப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றேன். ஆகவே இது பெரிய கம்பெனிக்காரர்கள் செய்கிற வழி அல்ல. மூன்று நான்கு பேருக்கு, கைக்காசு போகாமல், வீட்டிலேயே செய்கிற வழி. ஒரு ஃபைலைத் திறந்து, வரியைச் சொல் சொல்லாகப் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

இதில் இறங்கியதற்குக் காரணம் ஒரு காளை. மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபிறகு பேப்பர் படிப்பது சிரமமாகி, போனே கதியென்று ஆனார். ஒரு நாள் காங்கேயம் காளை வீடியோ ஒன்றைப் பார்த்துத் தொலைத்தார். அதற்கப்புறம் ஒரு மாதம் போனைத் திறந்தால் மாடு, மாடு, மாடுதான். "ஏனம்மிணி, இந்தப் போனு என்னைய மாட்டு யாவாரின்னு நெனைச்சுக்குச்சா?" என்று கேட்டார். பார்த்ததெல்லாம் பிடித்தது என்று அந்தச் செயலி கணக்குப் போடுகிறது. மனுஷன் அப்படியா? துக்கச் செய்திப் பக்கத்தை மாமா அரைமணி நேரம் பார்ப்பார். பிடித்தா பார்க்கிறார்?

நோட்டில் தொடங்குங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். செய்தி கேட்கப்போகிறவரோடு பொழுதோட காபி குடிக்கும் நேரத்தில் உட்கார்ந்து, "என்ன தெரிஞ்சா உங்களுக்கு உபயோகம்?" என்று கேளுங்கள். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் அவர் வாயால் சொன்ன சொல். இரண்டாவதில் அதையே அச்சில் எப்படி எழுதுவார்கள். மூன்றாவதில் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடக்கூடிய வேண்டாத சங்கதி.

மாமா "வாய்க்கா தண்ணி" என்றார். பேப்பரில் அந்தச் சொல் வரவே வராது. "கீழ்பவானி வாய்க்கால்", "எல்.பி.பி.", "பவானிசாகர் அணை", "நீர் திறப்பு", "ஆயக்கட்டு" என்றுதான் வரும். அணையின் முழு மட்டம் 105 அடி என்பதால் "105 அடி" என்பதும் ஒரு தேடுசொல்தான். அந்த எண்ணை ஒட்டிய செய்தி எல்லாம் அவருக்கு வேண்டிய செய்தி. "எச்சா வித்துச்சா?" என்பதற்கு அச்சுச் சொல் "விலை உயர்வு". "நோம்பி"க்குத் "திருவிழா", "பூச்சாட்டு", "கம்பம் நடுதல்", "குண்டம்". இந்த இரண்டாம் பத்தியை எந்தச் செயலியும் உங்களுக்குப் போட்டுத் தராது. ஆளுக்கு நாற்பது சொல் சேர்ந்தால் தாராளம்.

ஆளுக்கொரு விருப்பப் பட்டியல் எழுதி, வரும் செய்தியை அதோடு ஒப்பிட்டு, பொருந்துகிறவருக்கு மட்டும் அனுப்பும் யோசனை என்னுடையது என்று ஒரு வாரம் பெருமையில் திரிந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-லேயே இதை எழுதி முடித்துவிட்டார். ஒரு நிறுவனத்துக்குள் வரும் காகிதங்களை எந்திரமே சுருக்கி, ஒவ்வொருவரின் விருப்பக் குறிப்போடு ஒப்பிட்டு, உரியவருக்கு அனுப்பும் அமைப்பு அது. அந்த மனுஷரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். 1896-ல் ஜெர்மனியின் பார்மெனில் பிறந்தவர். அப்பா அச்சுத் தொழில். இவரும் அச்சுத் தொழில்தான் கற்றார். முதல் உலகப் போருக்குப் பின் ஜவுளிக்குப் போனார். துணியின்மேல் வைத்தால் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று காட்டும் கோடு போட்ட அளவுகோலைக் கண்டுபிடித்தார். அதற்கு லூனோமீட்டர் என்று பெயர். எங்கள் குடோனில் பிக் கிளாஸ் என்ற பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து ஒவ்வொரு இழையாக எண்ணுகிறோமே, அந்த வேலைதான். 1941-ல் ஐபிஎம்மில் சேர்ந்தவர், இழையை எண்ணிய கையோடு சொல்லை எண்ணினார். உங்கள் ஏடிஎம் கார்டு எண்ணின் கடைசி இலக்கம் சரிதானா என்று பார்க்கும் கணக்கும் அவருடையதுதான். 1954-ல் விண்ணப்பித்து 1960-ல் காப்புரிமை வாங்கினார்.

எழுத்தைக் கழுவுங்கள்

செய்தியை எங்கிருந்து எடுப்பது? நாளிதழ்களின் இணையதளங்களில் தலைப்பும் முதல் பத்தியும் வரும் செய்தியோடை வசதி இருக்கும். அது போதும், முழுக் கட்டுரையையும் உருவி எடுக்காதீர்கள். விளைபொருள் விலைக்கு மத்திய அரசின் அக்மார்க்நெட் தளம் இருக்கிறது. மின்தடை அறிவிப்பைப் பேப்பரைப் பார்த்து நானே தட்டிவிடுவேன். பத்து நிமிட வேலைக்குப் புரோகிராம் எழுதுவது வீண்.

வந்து சேரும் எழுத்து பார்ப்பதற்குத் தமிழாகத்தான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு. பழைய டிடிபி ஆட்களுக்கு இது தெரியும். பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்" என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி விழும். இன்றைக்கும் பழைய கோப்பிலிருந்து செய்த பிடிஎஃப்களில் இந்தச் சிக்கல் உண்டு. அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

யூனிகோடு ஆனபிறகும் வேலை முடியவில்லை. நம் எழுத்து 247 என்றாலும் யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம்தான். உயிர்மெய்யை மெய்யெழுத்தும் குறியுமாகச் சேர்த்துத்தான் வைக்கிறது. "கொங்கு" என்ற சொல்லை எடுங்கள். நமக்கு மூன்று எழுத்து: கொ, ங், கு. பைத்தானைக் கேட்டால் ஆறு என்னும்: க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. சில நேரம் அதே சொல்லுக்கு ஏழு என்னும். ஏனென்றால் ஒகரக் குறியை ஒரே துண்டாகவும் வைக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஏழு என்றால் "கொங்கு" "கொங்கு"வோடு பொருந்தாது. இதற்கு மருந்து பைத்தானிலேயே இருக்கும் யூனிகோடுடேட்டா தொகுதி. அதில் என்.எஃப்.சி. என்ற முறைப்படி செய்தியையும் உங்கள் பட்டியலையும் ஒரு தடவை ஓட்டிவிட்டால் பிரிந்த துண்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

அதிலும் தீராதது ஔகாரம். அத்தைக்கு ஒரு மாதம் பௌர்ணமிச் செய்தி வரவேயில்லை. தேடிப் பார்த்தால், பாதிப் பேர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, பகரம் போட்டு, பின்னால் ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். இருபது வருஷமாக நானும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரமாக்கு என்று ஒரு வரி எழுதினேன். உடனே வெள்ளோடு என்ற ஊர்ப்பேர் உடைந்தது! "வெள்" என்பதிலும் கொம்பும் ளகரமும்தானே இருக்கின்றன. ஆகவே விதியை இப்படி எழுதுங்கள்: ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடாதே, வெறும் ளகரமாக நின்றால் மட்டும் மாற்று. வெள்ளோடும் பிழைக்கும், வெளியூரும் பிழைக்கும், பௌர்ணமியும் வரும். பேச்சுவழக்கில் "வெளக்கமாறு" என்று யாராவது எழுதினால் மட்டும் மாட்டும். எங்கள் வீட்டில் அதைச் சீவக்கட்டை என்பதால் எனக்குக் கவலையில்லை.

வாலை நறுக்குங்கள், வாய்க்காலை நறுக்காதீர்கள்

மஞ்சள் என்று பட்டியலில் எழுதினால் போதாது. செய்தியில் மஞ்சளை, மஞ்சளுக்கு, மஞ்சளின், மஞ்சளும், மஞ்சளைக் என்று வால்களோடு வரும். வாலை நறுக்கி வேரை எடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு மார்ட்டின் போர்ட்டர் 1980-ல் எழுதிய நறுக்கு முறை பிரபலம். நமக்கு அது ஒத்துவராது. நம் வால் இன்னும் நீளம், நறுக்குகிற இடத்தில் எழுத்தும் உருமாறும்.

வரிசை முக்கியம். முதலில் கடைசியில் தொங்கும் க், ச், த், ப் நான்கையும் எடுங்கள். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இங்கே உதவுகிறது. அப்படி முடிந்தால் அது அடுத்த சொல்லால் வந்த ஒற்று. "பேங்க்" போன்ற சொல் "பேங்" ஆகும், ஆகட்டும். பட்டியலையும் செய்தியையும் ஒரே கத்தியால் நறுக்கினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஊனமாகும், பொருத்தம் கெடாது. வேர்ச்சொல் அகராதியில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

அடுத்து உம், அப்புறம் வேற்றுமை உருபுகள். நறுக்கியபின் ஒட்டுப் போட வேண்டும். மஞ்சளுக்கு என்பதில் "க்கு"வை எடுத்தால் "மஞ்சளு" நிற்கும். உகரத்தை எடுத்துப் புள்ளி வைத்தால் மஞ்சள். "ஈரோட்டில்" என்றால் "ட்டில்" போய் "டு" வரவேண்டும். வீட்டில், காட்டில், தோட்டில் எல்லாம் அப்படியே. "ஆற்றில்" என்றால் "று". "சந்தைக்கு" நேராகவே விழும். "மரத்தில்" என்றால் "த்தில்" போய் "ம்". இப்படி நாற்பது வால் எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டுச் செய்திக்கு அது தாங்குகிறது. நீளமான வாலை முதலிலும் குட்டையை அப்புறமும் சோதிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பாதி வால் மிஞ்சும்.

நான் மாட்டிக்கொண்டது "ஆல்" உருபில். மஞ்சளால், மழையால் என்று வருமே என்று அதையும் வெட்டச் சொன்னேன். கத்தி வாய்க்காலுக்குப் போனது. "வாய்க்கால்" என்பதில் "ஆல்" போய் "வாய்க்கு" ஆனது. அடுத்த சுற்றில் "க்கு"வும் போய் "வாய்" ஆனது. அன்றைக்கு மாமாவின் கீழ்பவானிச் செய்தி இடத்தில் வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாம் பற்றிய செய்தி வந்தது. புகையிலையை விட்டுப் பத்து வருஷமான மனுஷர், நான் ஏதோ ஜாடையாகச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் பேசவில்லை. ஆகவே "நறுக்காதே" என்று ஒரு பட்டியல் வையுங்கள். வாய்க்கால், கோயில், கோவில், மயில் என்று மாட்ட மாட்ட அதில் சேர்த்துக்கொண்டே வர வேண்டியதுதான்.

எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம்

வீட்டுக்காரரின் மின்தடைச் செய்தியை வைத்துச் சொல்கிறேன். அறிவிப்பு எதை எடுத்தாலும் "துணை மின் நிலையம்", "பராமரிப்புப் பணி", "காலை 9 மணி முதல்", "சுற்றுவட்டாரம்" என்று இருக்கும். இந்தச் சொற்கள் பொருந்துவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. எல்லாவற்றிலும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது என்பதை 1972-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் கணக்காக்கினார். இன்றுவரை தேடுபொறிகளின் அடிமடியில் இருக்கும் கணக்கு இது. மொத்தச் செய்தி எண்ணிக்கையை, அந்தச் சொல் வரும் செய்தி எண்ணிக்கையால் வகுத்து, மடக்கை (லாக்) எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

400 அறிவிப்பு சேர்த்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். "பராமரிப்பு" 400-லும் வருகிறது: 400-ஐ 400-ஆல் வகுத்தால் 1, மடக்கை பூஜ்யம். கனமே இல்லை. "புதுப்பாளையம்" 40-ல் வருகிறது: வகுத்தால் 10, இயல் மடக்கை 2.3. "சென்னிமலை" 4-ல்தான் வருகிறது: வகுத்தால் 100, மடக்கை 4.6. கொங்கு நாட்டில் புதுப்பாளையமும் புதூரும் எத்தனை இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். இந்தக் கணக்கு அதைத் தானாகவே கண்டுகொள்கிறது. ஊர்ப்பேர் மட்டும் பொருந்தினால் நம்பாமல், துணை மின் நிலையத்தின் பேரும் கூடவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை எங்கோ இருக்கிற புதூரின் மின்தடைக்காக எங்கள் தறி ஒரு நாள் சும்மா நின்றது. ஆள் வந்து திரும்பிப் போனார்கள்.

ஒவ்வொரு செய்திக்கும், பொருந்திய சொற்களின் கனத்தைக் கூட்டுங்கள். தலைப்பில் பொருந்தினால் இரட்டிப்பு. நீளமான செய்தி நீளத்தாலேயே ஜெயித்துவிடும் என்பதால் மொத்தத்தை, சொல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துவிடுங்கள். மேலே வரும் ஐந்தை எடுத்தால் ஓர் ஆளுக்கான செய்தி தயார், பாதி தயார்.

மஞ்சள் எத்தனை மஞ்சள்

முதல் வாரம் மாமாவுக்குப் போன "மஞ்சள்" செய்திகள்: மஞ்சள் காமாலை, மழைக்கு மஞ்சள் எச்சரிக்கை, மஞ்சள் பை, மஞ்சள் சட்டை கிரிக்கெட், மாரியம்மன் கோயில் மஞ்சள் நீராட்டு. விலை ஒன்றுகூட இல்லை. இதில் மஞ்சள் நீராட்டு அத்தைக்குப் போக வேண்டியது. மழை எச்சரிக்கையில் மாமாவுக்கும் பங்கு உண்டு, ஆனால் மஞ்சள் கணக்கில் அல்ல.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பதுதான் இதற்கு வழி. ஒரு சொல்லின் பொருள் அதன் கூட்டாளிகளில் இருக்கிறது என்று 1957-ல் ஃபிர்த் என்ற ஆங்கில மொழியியலாளரும் இதையே சொன்னார். கூகுளில் மிக்கோலோவும் கூட்டாளிகளும் 2013-ல் கொண்டுவந்த வேர்டுடுவெக், அக்கம்பக்கச் சொற்களைப் பார்த்தே ஒவ்வொரு சொல்லையும் எண்வரிசையாக்கியது; 2017-ல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பு வாக்கியம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தது. தமிழுக்கு இந்த வகை மாதிரிகளைச் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. ஆசையிருந்தால் போட்டுப் பாருங்கள். மூன்று பேருக்குக் கையால் எழுதிய கூட்டாளிப் பட்டியலே போதும் என்பது என் அபிப்ராயம்.

செய்முறை இதுதான்: "மஞ்சள்" வந்த இடத்திலிருந்து முன்னால் ஆறு சொல், பின்னால் ஆறு சொல் பாருங்கள். அதில் குவிண்டால், விரலி, கிழங்கு (இரண்டும் மஞ்சளில் ரகம்), ஏலம், மூட்டை, வரத்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் எதாவது இருந்தால் ஏற்றுக்கொள். காமாலை, எச்சரிக்கை, பை, நீராட்டு இருந்தால் தள்ளு. இரண்டும் இல்லையென்றால் பாதிக் கனம் கொடு. நோட்டின் மூன்றாம் பத்தி எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

அத்தையின் "சர்க்கரை" இதைவிடப் பொல்லாதது. டாக்டர் சொன்ன சர்க்கரையும் சர்க்கரைதான், ரேஷன் சர்க்கரையும் சர்க்கரைதான், கவுந்தப்பாடியில் ஏலம் போகிற நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். எந்தச் சர்க்கரை என்று கேட்டபோது அத்தை சிரித்துக்கொண்டே, "மூணுந்தான், கண்ணு. மொதல்ல சொன்னத மட்டும் சத்தமா சொல்லாத" என்றார். ஆளின் பட்டியல் அவருடைய உடம்பையும் கடனையும் காட்டிக்கொடுக்கும். அந்த ஃபைல் லேப்டாப்பை விட்டு வெளியே போகக்கூடாது. இணையத்தில் இருக்கும் எந்தச் சேவைக்கும் பட்டியலை அனுப்பாதீர்கள்.

கோபத்தில் சொன்னதை எழுதாதீர்கள்

பட்டியல் தானாகத் திருந்த வேண்டும் என்றால், கேட்டவர் "வேணும்", "வேண்டாம்" சொல்ல வேண்டும். 1960களில் சால்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் ஸ்மார்ட் தேடல் அமைப்பில் ரோக்கியோ என்பவர் வகுத்த கணக்கு இதற்கு இன்றும் சரியாக இருக்கிறது. பிடித்த செய்தியில் வந்த சொற்களின் கனத்தைக் கொஞ்சம் ஏற்று. பிடிக்காததில் வந்தவற்றைக் கொஞ்சம் இறக்கு. வழக்கமாகச் சொல்லும் அளவு ஏற்ற 0.75, இறக்க 0.15. ஏன் இறக்குவது மட்டும் இவ்வளவு கஞ்சம் என்று யோசித்து, நான் இரண்டையும் சமமாக வைத்தேன். ஒரு நாள் விரலி விலை சரிந்தது. "மஞ்சளே வேண்டாம், போ!" என்று மாமா கத்தினார். நான் விசுவாசமாக அதைப் பதிந்தேன். மூன்று நாள் மஞ்சள் செய்தியே வரவில்லை. நாலாம் நாள், "ஏஞ்சாமி, சந்தை லீவா?" என்று வந்து நின்றார். இப்போது 0.15-தான்.

ஒரே மாதிரி ரசனை உள்ளவர்கள் பார்த்ததை ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கும் முறை வேறு ஒன்று. 1992-ல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் டேப்பெஸ்ட்ரி என்ற பெயரில் தொடங்கியது. 1994-ல் குரூப்லென்ஸ் என்ற ஆய்வுத் திட்டம் அதை மதிப்பெண் போட்டுச் செய்தது. இன்றைய வீடியோச் செயலிகளின் வம்சம் அதுதான். அதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். மூன்று பேர் வீட்டில் அத்தை பார்த்ததை மாமாவுக்குப் பரிந்துரைத்தால் சண்டைதான் வரும்.

ஓர் இடத்தைக் கணக்குக்கு வெளியே விடுங்கள். 2023 ஆகஸ்ட் 23-ம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. மாமாவின் பட்டியலில் நிலவு இல்லை. அடுத்த நாள் டீக்கடையில் போய்த் தெரிந்துகொண்டு வந்தார். "ஊரே பழமை பேசுது, எனக்கு மட்டும் தெரியல. நெம்ப நல்லா இருக்குது உங்க கம்ப்யூட்டரு" என்றார். அன்றிலிருந்து ஐந்தாவது செய்தி, எல்லா நாளிதழிலும் பொதுவாக வந்தது எதுவோ அது. பட்டியலைக் கேட்காது.

சுருக்கும்போது எண்ணைத் தொடாதே

சுருக்கத்துக்கு லூன் 1958-ல் சொன்ன வழியே எனக்குப் பிடிக்கிறது. கனமான சொற்கள் நெருங்கி நிற்கும் வாக்கியத்தை அப்படியே எடு, புதிதாக எழுதாதே. இடையில் ஆசைப்பட்டு, இணையத்தில் கிடைத்த, சாட்ஜிபிடி வகையிலான ஒரு பெரிய மொழி மாதிரியிடம் சுருக்கச் சொன்னேன். தமிழ் அழகாக வந்தது. ஒரு நாள் விரலி விலையைக் கிழங்குக்கும் கிழங்கு விலையை விரலிக்கும் மாற்றிப் போட்டுவிட்டது. மாமா மூட்டையை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார். நல்லவேளை, விற்பனைக் கூடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்கள்.

அப்படி ஒரு மாதிரியைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் இரண்டு காவல் போடுங்கள். சுருக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் மூலச் செய்தியில் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மூலத்தில் எந்தப் பொருளின் பெயர் இருந்ததோ அதே பெயர் சுருக்கத்திலும் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் சுருக்கத்தைக் குப்பையில் போட்டு, மூல வாக்கியத்தை வாசி. எண்ணை எழுத்தில் எழுதியிருந்தால், "ஒன்றேகால் லட்சம்" என்பது போல, சோதிக்க முடியாது, அப்போதும் மூலம்தான்.

குரல்

எழுத்தைப் பேச்சாக்கும் எந்திரக் குரல் தமிழுக்குப் பல இருக்கின்றன. நான் போட்ட முதல் குரலைக் கேட்டுவிட்டு, "செய்தி சொல்றவ எந்த ஊருக்காரி? மரியாதையே இல்ல" என்றார் மாமா. வாக்கியம் "விற்பனையானது" என்று வெட்டென்று முடிகிறது. ஒரு "ங்க" இல்லை. ஆகவே விலை, தண்ணீர், மின்தடை மூன்றுக்கும் வாக்கிய அச்சை நானே எழுதினேன்: "விரலி மஞ்சள் குவிண்டால் இத்தனை ரூவாய்க்கு வித்துச்சுங்க." எண் மட்டும் மாறும்.

எண்ணைச் சொல்லாக்குவதில் ஒரு பொறி உண்டு. தமிழில் ஒன்பதுக்குப் பின் தொண்ணூறு, அதற்குப் பின் தொள்ளாயிரம், அதற்குப் பின் மறுபடி ஒன்பதாயிரம். "ஒன்பது"டன் "நூறு" சேர்த்து எழுதும் புரோகிராம் "ஒன்பது நூறு" என்று உளறும். 20, 30 போன்றவை தனியாக நின்றால் இருபது, பின்னால் எண் வந்தால் இருபத்தி. நூறு, ஆயிரத்துக்கும் அப்படியே இரட்டை வடிவம். 13,450 என்பது பதிமூணாயிரத்து, நானூத்தி, அம்பது என்று மூன்று துண்டு. மஞ்சள் விலைக்கு வேண்டிய துண்டுகள் எல்லாம் நூற்றுக்குள் அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தறி ஓடாத நேரம் பார்த்து, அத்தனையையும் என் குரலிலேயே போனில் பதிந்துவிட்டேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி துண்டு துண்டாகத்தான் கேட்கும். ஆனால் எங்கள் ஊர்க் குரல். மீதிச் செய்திக்கு எந்திரக் குரலே இருக்கட்டும்.

அனுப்புவதற்கு, டெலிகிராம் செயலியில் தானாகச் செய்தி அனுப்பும் பாட் இலவசம். காலை 5.30-க்கு ஓடும்படி லேப்டாப்பில் நேரம் குறித்துவிடுங்கள். ராத்திரி கரண்ட் போனால் பேட்டரி தாங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை பற்றிக் கேட்கிறவர்களுக்கு

கடைக்கு வரும் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "பேட்டன்ட் போட்டுருங்கக்கா, கோடி கோடியா வரும்" என்றார். போட முடியாது. 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், கணக்கு வழிமுறை ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. எதற்கும் புதுமை வேண்டும். நான் செய்ததில் புதிது எதுவும் இல்லை, பாதி லூனுடையது. உங்களிடம் நிஜமாகவே புதிதாக ஏதாவது இருந்தால் ஊருக்குச் சொல்வதற்கு முன் விண்ணப்பியுங்கள்; சொல்லிவிட்டால் புதுமை போய்விடும். விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதம் கழித்து வெளியாகும். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம்.

அடுத்தவர் காப்புரிமையைப் படிப்பது மட்டும் எல்லாருக்கும் லாபம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் காசில்லாமல் தேடலாம். தலைப்பைப் பார்த்து மிரளாதீர்கள். நேராகக் கடைசியில் இருக்கும் உரிமைக் கோரிக்கைகளில் முதல் எண்ணைப் படியுங்கள். அவர்கள் எதை வளைத்துக்கொண்டார்கள் என்பது அதில்தான் இருக்கும். படங்களைப் பாருங்கள், கட்டம் போட்டு வேலை வரிசையைக் காட்டியிருப்பார்கள். காலாவதியான பழைய காப்புரிமையில் இருப்பதை யாரும் எடுத்துச் செய்யலாம்.

பட்டியலைப் போகத்துக்கு ஒரு தடவை திருத்துங்கள். தை பிறந்தால் "புது மஞ்சள்" என்ற சொல் விலைச் செய்திகளில் வரும். வாய்க்காலில் தண்ணீர் விடும் காலத்தில் "முறை", "மதகு", "கசிவு" சேர்க்க வேண்டும். தண்ணீர் நின்றபின் எடுத்துவிடலாம். போன வாரம் மாமா, தேங்காயையும் சேர்த்துவிடச் சொன்னார். சேர்த்த முதல் நாள் வந்தது, பிள்ளையார் கோயில் ஒன்றில் பக்தர்கள் சிதறு தேங்காய் உடைத்த செய்தி. அத்தைதான் அதை ஆர்வமாகக் கேட்டார். மூன்றாம் பத்தியில் இப்போது "சிதறு", "சூறை", "உடைத்து" மூன்றும் ஏறியிருக்கின்றன. கூட்டாளிப் பட்டியலில் "கொப்பரை", "பருப்பு", "டன்" போட்டிருக்கிறேன். நாளைக்கு என்ன வருகிறதோ பார்க்கலாம்.